வண்டிச் சாவியும் காப்பீட்டுப் பத்திரமும்

ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு மிதிவண்டி இருந்தாலே பெருமை. 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பின்னர் மொபெட் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. இன்றோ ஸ்கூட்டர் இல்லாத வீடு அரிது. கார் உள்ள வீடுகளும் பல. வண்டியோடு ஒரு காகிதமும் வீட்டுக்கு வருகிறது. அதுதான் காப்பீட்டுப் பத்திரம். அதை ஆர்.சி. புத்தகத்துடன் மடித்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் வீடுகளிலுள்ள பத்திரங்களை எடுத்துப் படித்தோம். புரியாத இடங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்தோம். வீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பத்திரம் எப்போது துணை நிற்கும், எப்போது கைவிடும் என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பீடு என்பது யாது?

ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே காப்பீடு. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்துகின்றனர். அவர்களுள் எவருக்கேனும் பெரும் நஷ்டம் வரும்போது அந்தப் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்யப்படுகிறது. செலுத்தும் தொகைக்குப் பிரீமியம் என்றும், ஒப்பந்தப் பத்திரத்துக்குப் பாலிசி என்றும் பெயர்.

வண்டிக் காப்பீட்டில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. இதனை மூன்றாம் தரப்புக் காப்பீடு என்பர். இரண்டாவது, நம் வண்டிக்கே ஏற்படும் சேதம், களவு ஆகியவற்றுக்கானது. இவ்விரண்டும் சேர்ந்ததே முழுக் காப்பீடு. இரண்டாவது நம் விருப்பம், முதலாவது கட்டாயம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 1946 ஜூலை 1 முதலே அது இந்தியாவில் கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது.

பலர் முதலாண்டு முடிந்ததும் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகின்றனர். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018-இல் இதற்கு ஒரு வழி செய்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

வயதைக் கேட்காத பிரீமியம்

அமெரிக்காவில் பதினாறு வயதுப் பிள்ளை கார் ஓட்டத் தொடங்கினால் அதன் பெயரைப் பெற்றோரின் பாலிசியில் சேர்ப்பது வழக்கம். உடனே பிரீமியம் வெகுவாக உயர்ந்துவிடும். நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைக்குச் சலுகை தரும் நிறுவனங்களும் அங்கு உண்டு! பிள்ளை ஓட்டுவதன் ஆபத்தைப் பெற்றோர் பணம் கட்டும்போதே உணர்ந்துவிடுகின்றனர்.

நம் நாட்டில் முறை வேறு. மூன்றாம் தரப்புப் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. இயந்திரத்தின் அளவைப் பொறுத்தே தொகை அமைகிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு ஓராண்டுக்கு ரூ. 714; 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ரூ. 2,094. வரி தனி. வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே யார் ஓட்டினாலும் இந்தப் பத்திரம் காக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு. பணம் கட்டும் நாளில் கேட்காத கேள்வியை, விபத்து நடந்த நாளில் பத்திரம் கேட்கிறது.

எங்கள் வீட்டுப் பாலிசிகளில் ‘ஓட்டுநர்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு நிபந்தனை இருந்தது. வண்டியை ஓட்டுபவர் விபத்தின்போது செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உடையவராக இருக்க வேண்டும் என்பதே அது.

உரிமமும் வயதும்

சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயது நிரம்பியவர், பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதத்துடன் உரிமம் பெற்று ஓட்டலாம். ஆனால் இப்போது நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 50 சி.சி.யைத் தாண்டியவை. எனவே ‘கியர் இல்லாத வண்டிதானே’ என்ற சமாதானம் செல்லாது.

மின்சார ஸ்கூட்டர்களிலும் கவனம் தேவை. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் உள்ள சிறு வண்டிகளுக்கு மட்டுமே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்டவை அனைத்தும் மோட்டார் வாகனங்களே.

2019 செப்டம்பர் 1 முதல் 199-ஏ என்ற புதிய பிரிவும் நடைமுறைக்கு வந்துள்ளது. வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டுகள் வரை சிறையும், ரூ. 25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்ற அளவு முயன்றோம் என்றோ பெற்றோரே மெய்ப்பிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

இதனை எண்களில் பார்ப்போம். மாதம் ரூ. 15,000 ஈட்டும் 30 வயதுத் தையற்காரர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டதாகக் கற்பனையாகக் கொள்வோம். அவரை நம்பி மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் உள்ளனர். 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி கணக்கு இவ்வாறு அமையும்.

ஆண்டு வருமானம் ரூ. 1,80,000.
சுயதொழில் செய்பவர், 40 வயதுக்கு உட்பட்டவர். எனவே வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க, ரூ. 2,52,000.
அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழிக்க, ரூ. 1,89,000.
30 வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆகப் பெருக்கினால் ரூ. 32,13,000.

இதற்கு மேலும் ஈமச் சடங்குச் செலவு முதலியன சேரும். உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தால், இவ்வளவு பெரிய தொகைக்கும் அந்த 714 ரூபாய்ப் பத்திரம் பொறுப்பேற்கும். உரிமம் இல்லாத பிள்ளை ஓட்டியிருந்தால்?

பாதிக்கப்பட்ட ஏழைக் குடும்பம் தவிக்கக் கூடாது என்பதற்காக, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. 2004-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இம்முறையை விரிவாக விளக்கியது. அதாவது, தையற்காரரின் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். ஆனால் அது இறுதியில் நம் வீட்டிலிருந்துதான் போகும். நிலம், நகை, சேமிப்பு, அக்காவின் திருமணத்துக்கு வைத்திருந்த பணம் எல்லாம் கரைந்துவிடும்.

‘சாவியைப் பையன் கேட்காமலே எடுத்துச் சென்றான்’ என்று சொன்னால் தப்பலாமா? 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், உறவுக்காரச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்று மோதியதில் ஒருவர் உயிரிழந்தார். தமக்குத் தெரியாது என்றார் உரிமையாளர். வண்டி தவறான கையில் சிக்காமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்றது நீதிமன்றம். பணத்தை அவரிடம் வசூலிக்க நிறுவனத்துக்கு உரிமை கிடைத்தது.

பின்னால் அமரும் நமக்கு

தோழியரே, நம்மில் பலர் இன்னும் வண்டி ஓட்டவில்லை. ஆனால் அண்ணனோ தம்பியோ ஓட்டும் வண்டியின் பின்னால் அமர்ந்து பள்ளிக்கு வருகிறோம். மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் உள்ள இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்பவருக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. முழுக் காப்பீட்டில் பின்னால் அமர்பவரும் அடங்குவார். உரிமையாளருக்கென்று உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உரிமம் உடைய உரிமையாளருக்கே உரியது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டும் பிள்ளைக்கு அன்று. மணி அடித்துவிடுமே என்ற அவசரத்தில் நாமே தம்பியிடம் ‘கொண்டுபோய் விடுடா’ என்று கேட்கிறோம். அவ்வாறு கேட்காதிருப்பது நம் கையில்தான் உள்ளது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பாலிசி முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முன்னரே புதுப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 முதல் 50 விழுக்காடு வரை தள்ளுபடியும் உண்டு.

2. மாமாவிடமோ பிறரிடமோ பழைய வண்டி வாங்கினால், 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும்.

3. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். கார் பழகும்போது உரிமம் உள்ள ஒருவர் உடன் அமர வேண்டும். இரு சக்கர வண்டியில் கற்றுத் தருபவரைத் தவிர வேறெவரையும் ஏற்றக் கூடாது. இவ்விதிகளைக் கடைப்பிடித்தால் பழகுநருக்கும் பாலிசி செல்லும்.

4. கியர் இல்லாத வண்டிக்கு வாங்கிய உரிமத்தைக் கொண்டு கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டக் கூடாது.

5. சாவியைக் கண்ட இடத்தில் ஆணியில் மாட்டி வைக்காமல், பெரியோர் பொறுப்பில் வைக்க வேண்டும்.

முடிவுரை

காப்பீடு போன உயிரை மீட்டுத் தராது. உழைத்துக் காத்தவரை இழந்த குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்கவே அது உதவும். அந்த உதவியும் பிள்ளை கையில் சாவி சேரும்போது நம் வீட்டுக் கடனாக மாறிவிடுகிறது. பதினெட்டு வயது வர நமக்கு இன்னும் மூன்றே ஆண்டுகள்தான். அதுவரை நடந்தும், மிதிவண்டியிலும், பேருந்திலும் வருவோம். வெள்ளம் வருமுன் அணை கோலுவோம். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அந்தப் பத்திரத்தை எடுத்து, தேதியையும் ஓட்டுநர் நிபந்தனையையும் அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுவோமாக!