'கைஸ்' என்றால் மரியாதைக் குறைவா?

நம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கான்டீனில் கண்ட காட்சி இது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா பாட்டியிடம், "ஆர் யூ கைஸ் டன்?" என்றான். பாட்டி, "கை அலம்பியாச்சு கண்ணா" என்றார். அம்மாவுக்குத்தான் கோபம். "பெரியவர்களிடம் இப்படியா பேசுவது?" என்று அத்தனை பேர் நடுவில் அதட்டவே, பையன் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவன் சொன்னது என்ன? இச்சொல்லுக்கு மூலம் ஒரு மனிதரின் பெயர். 1605 நவம்பரில் லண்டன் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதியில் பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தி வாணவேடிக்கை விடுவது ஆங்கிலேயர் வழக்கம். (நம் தீபாவளியும் ஏறக்குறைய அதே சமயந்தான்!) பொம்மைக்குக் கந்தல் உடை. ஆகவே 19-ஆம் நூற்றாண்டில், கோமாளிபோல் உடுத்தியவரை அப்பெயரால் கேலி செய்தார்கள். அமெரிக்காவில் கேலி கழன்று, 'ஆள்' என்ற பொருள் நின்றது. ஒருமையில் அது பெரும்பாலும் ஆணையே குறிக்கும். 'குட் கை' நல்லவன். 'வைஸ் கை' அதிகப்பிரசங்கி. "யூ கைஸ்" என்று விளிக்கும்போதோ பாட்டியும் அதில் அடக்கம்.

ஏன் இப்படி? ஆங்கிலத்தில் முன்பு ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யூ'. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் 'தௌ' வழக்கொழிந்தது. பன்மைக்குத் தனிச்சொல் இல்லாமல் போயிற்று. அந்தக் குறையை நிரப்ப இங்கே 'யூ கைஸ்', டெக்சாஸ் உறவினர் வாயில் 'யால்'.

தமிழிலும் இதே கதைதான். பழந்தமிழில் 'நீ' ஒருமை, 'நீர்' பன்மை. 'நீர்' ஒருவருக்கே மரியாதையாகிவிட, பலருக்குக் 'கள்' விகுதி ஏறிய 'நீங்கள்' வந்தது. அதுவும் மரியாதையாகிவிட்டது! இப்போது "நீங்க எல்லாரும்" என்கிறோம்.

ஆக, பையன் மரியாதை குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது சகஜப் பேச்சு; வேலைக்கான நேர்முகத்திலோ, அர்ச்சகரிடமோ வெறும் 'யூ' போதும். குழந்தைகளை அதட்டுவதைவிடத் தமிழ் வாக்கியத்தைக் கற்றுக்கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

பயிற்சி: "டிட் யூ கைஸ் ஈட்?" என்பதைத் தமிழில் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டியிடம்: "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா?"

நண்பர்களிடம்: "சாப்பிட்டீங்களாடா?" பன்மையும் உண்டு, 'டா'வும் உண்டு. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.