டேங்கைப் பார்த்து மாடல் சொல்லாதீர்கள்

காவிரிக் கரையில் வாழைக்கும் வெற்றிலைக்கும் ஓடி ஓய்ந்து, தோட்டத்துச் சாளையில் பல வருடம் சாய்ந்து கிடந்த வண்டிகளுக்கு இன்று புது மவுசு வந்திருக்கிறது. பரமத்தி வேலூர், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் பழைய ஆர்எக்ஸ் 100, புல்லட், யெஸ்டி எதுவாவது கண்ணில் பட்டால் உடனே அட்வான்ஸ் கொடுத்து, கையோடு பட்டறையில் இறக்கி, பெயின்ட்டை உரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது என்ன மாடல், எந்த வருடத்து வண்டி என்ற கேள்வி பாதிப் பணம் செலவான பிறகுதான் எழுகிறது. நிலம் வாங்குகிறவர் மூலப் பத்திரமும் வில்லங்கமும் பார்த்த பிறகே வேலி போடுகிறார். வண்டிக்கும் அதே வரிசை வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய எதுவும் வண்டியின் அடையாளத்துக்குச் சாட்சி ஆகாது. சேசிஸில் அடித்த எண், இன்ஜினில் அடித்த எண், ஆர்சியில் (பதிவுச் சான்றில்) எழுதிய விவரம், இன்ஜினின் உள்ளளவு என்ற நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் மாடல் உறுதி. இதற்கு மாறாக ஊரில் உலவும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: டேங்கையும் ஸ்டிக்கரையும் பார்த்தாலே மாடல் தெரிந்துவிடும்.

உண்மை: ஒரு வண்டியில் மிக எளிதாக மாறுவது டேங்க்தான். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் ஜாவா வண்டிகளைச் செய்தது. 1970களில் அதே தொழிற்சாலை யெஸ்டி என்ற பெயருக்கு மாறி 1996 வரை ஓடியது. இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்று என்பதால் யெஸ்டிக்கு ஜாவா டேங்க் மாட்டி ஜாவா என்று காட்டுவது கடினமான வேலையில்லை. புல்லட்டில் சிக்கல் வேறு மாதிரி. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் புல்லட் 350-ஐச் செய்துகொண்டிருந்தது. தோற்றம் மாறாத வண்டியின் வயதைத் தோற்றத்தால் சொல்ல முடியாது. ஆர்எக்ஸ் 100-இன் கதையும் இதுதான். 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டிக்குப் பிறகு ஆர்எக்ஸ் 135 வந்தது. சைடு பேனலையும் ஸ்டிக்கரையும் மாற்றிவிட்டால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடலாம். அதனால்தான் உள்ளளவு கேட்கிறோம். ஹெட்டைக் கழற்றி சிலிண்டரில் வெர்னியரை வைத்துப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 50. கணக்குப் போட்டால் 98 சிசி. ஆர்எக்ஸ் 135-க்கு ஸ்ட்ரோக் அதே 50, போர் 58. அது 132 சிசி. பல முறை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட வண்டியாயிற்றே என்று சொல்லக்கூடும். ஓவர்சைஸ் கால் மில்லிமீட்டர் படிகளில் ஏறி, ஒரு மில்லிமீட்டரோடு முடிந்துவிடும். தேய்ந்து தேய்ந்து 51-க்கு வரலாம், 58-க்கு வராது. புல்லட்டிலும் இதே சோதனை செல்லும்: 350-க்கு போர் 70, 500-க்கு 84, ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 90.

நம்பிக்கை 2: நம்பர் பிளேட்டும் ஆர்சியில் உள்ள தேதியும் வண்டியின் வயதைச் சொல்லும்.

உண்மை: அவை சொல்வது பதிவான நாளை. நாடு முழுவதும் 1989-இல் புதிய பதிவு முறை வந்த பிறகுதான் டிஎன் 27, டிஎன் 28 போன்ற எண்கள் வந்தன. அதற்கு முன்பு மூன்றெழுத்தும் நான்கு இலக்கமும். ஆகவே மூன்றெழுத்து எண் தாங்கிய ஆர்எக்ஸ் 100 உண்மையான பிளேட்டோடு இருந்தால் அது 1985-க்கும் 1989-க்கும் இடையில் பதிவானது என்று கொள்ளலாம். ஆனால் டிஎன் 28 என்றிருப்பதால் வண்டி 1989-க்குப் பிந்தையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி வந்த பழைய வண்டிக்கும் இங்கே புதிய எண்தான் கிடைத்திருக்கும். ராணுவ ஏலத்தில் எடுத்த புல்லட், செய்யப்பட்டுப் பல வருடம் கழித்தே பொதுப் பதிவுக்கு வந்திருக்கும். எண்ணை இணையத்தில் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். அரசின் வாகன் தளத்தில் இருப்பது பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றிய விவரம். ஏற்றப்படாத வண்டிக்கு அங்கே பதில் இல்லை, பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பு ஆண்டைச் சொல்லும் வெளிநாட்டுத் தளங்கள், 17 எழுத்து முறைக்கு எழுதப்பட்டவை. நம் பழைய வண்டிகளின் குட்டை எண்ணை அவற்றால் படிக்க முடியாது.

நம்பிக்கை 3: துருவேறிய சேசிஸ் எண்ணைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் பஞ்ச் செய்தால் போதும்.

உண்மை: வண்டியைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும் அந்த எண் ஆழமானதல்ல. எமரித் தாளும் கிரைண்டரும் அதன் முனைகளைத் தின்றுவிடும். சாண்ட் பிளாஸ்ட் மீதியை மழுக்கும். பவுடர் கோட்டிங் பள்ளத்தை நிரப்பிவிடும். பிறகு பார்க்கிற அதிகாரிக்கு அது அழிக்கப்பட்ட எண்ணாகவே தெரியும். செய்ய வேண்டியது எளிது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கை ஊற வைத்துத் துடையுங்கள். மெல்லிய தாளை எண்ணின் மேல் ஒட்டிப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் எழுந்து வரும். ஆர்டிஓ அலுவலகத்துக்கு எடுக்கும் சேசிஸ் பிரிண்ட்டும் இதே முறைதான். பெயின்ட் வேலைக்கு அனுப்புமுன் அந்த இடத்தை டேப் சுற்றி மூடுங்கள். எழுத்துகள் வரிசை தப்பியிருந்தாலோ, சுற்றியுள்ள இரும்பு மட்டும் வழவழப்பாக இருந்தாலோ, அங்கே ஒருவர் முன்பே கை வைத்திருக்கிறார் என்று கொண்டு விலகிவிடுவது நல்லது. இன்ஜின் எண்ணும் பேச வேண்டும். ஆர்எக்ஸ் 100-இன் எண் பெரும்பாலும் 1எல்1 என்று தொடங்கும். வேறு விதமாகத் தொடங்கினால் கிராங்க்கேஸ் மாறியிருக்கலாம், ஆர்சியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நம்பிக்கை 4: நம்ம ஊர் லேத்தில் எதையும் செய்துவிடலாம், மாடல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

உண்மை: இது வலுவான ஆட்சேபம். லாரிக்கு பாடி கட்டுவதில் நாட்டுக்கே பெயர் பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் வெல்டிங்குக்கும் கடைசலுக்கும் கைகள் குறைவில்லை. புஷ் கடைந்து தருவார்கள், முறிந்த பிராக்கெட்டை ஒட்டித் தருவார்கள். ஆனால் எந்த அளவுக்குக் கடைவது என்பதை மாடல்தான் சொல்ல வேண்டும். தவறான மாடலுக்கு வாங்கிய பிஸ்டன், பிளாக், கிளட்ச் எல்லாம் கடையில் திரும்பாது. ஓட்டுவதற்குத்தானே, கண்காட்சிக்கா என்று கேட்பவருக்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. முதல் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அன்று எண் ஒத்துவராவிட்டால் செலவழித்த அத்தனையும் வீண். விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என்று தப்பிக்கவும் முடியாது. 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த, சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே அந்தப் பதிவு. 1985-இன் ஆர்எக்ஸ் 100 அதற்கு 2035 வரை காத்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினசரிச் சந்தைக்கு ஓட்ட முடியாது.

எண்கள் ஒத்துவராத வண்டி எல்லாம் திருட்டு வண்டி என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் உழைத்த வண்டிக்கு வழியில் கிடைத்த கிராங்க்கேஸை மாட்டி ஓட்டியிருப்பார்கள். அது அன்றைய தேவை. அந்த வண்டியை உதிரிக்காக வாங்கலாம், அதற்குரிய விலைக்கு. ஒரிஜினல் என்ற விலைக்கு வாங்கக் கூடாது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு பென்சில், மெல்லிய தாள், ஆர்சியின் நகல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெர்னியர் சோதனைக்கு ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். எண்ணைப் பார்க்கவே விடாதவரிடம் வண்டி வாங்காதீர்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், ஆர்சி, உள்ளளவு நான்கும் ஒரே மாடலைச் சொன்ன பிறகு பெயின்ட் கடைக்குப் போங்கள்.