எஞ்சினும் மூச்சு விடுகிறது!

மூச்சை அடக்கினால் நாம் எவ்வளவு நேரம் தாங்குவோம்? கார் எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும். சிலிண்டரில் எரியும் வாயுவில் சிறிதளவு, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் கசிகிறது. வெளியேற வழியில்லையெனில் அழுத்தம் மிகுந்து, சீல்களின் வழியே எண்ணெய் ஒழுகும், எஞ்சியதும் சேறாகும்.

முன்பு இவ்வாயுவைக் குழாய் வழியே தெருவில் விட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களின் கண்களை எரித்த புகைமூட்டத்திற்கு இதுவும் ஒரு காரணம். 1961-இல் கலிபோர்னியா மாநிலம், வாயுவை எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் பி.சி.வி. வால்வைக் கட்டாயமாக்கியது.

சிலர் அக்குழாயைக் கழற்றி வாயுவை வெளியே விடுகின்றனர். அது தவறு. எண்ணெய்த் துளிகளைப் பிடிக்க விரும்பினால், குழாயின் நடுவே மூடிய டப்பா ஒன்றைப் பொருத்தி, வாயுவை எஞ்சினுக்கே அனுப்புவதே முறை. நம் வீட்டுக் குப்பையை அயலார் வாசலில் கொட்டலாமா, தோழியரே?