தானமாய்ப் பெற்ற சிறுநீரகமும் புற்றுநோய்ப் பயமும்



பெரும்பாக்கம் குடியிருப்புகளில் நாங்கள் வீடு சந்திக்கச் செல்லும்போது, சிறுநீரகம் மாற்றி வைக்கப்பட்டவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, இந்த மாத்திரைகளால் புற்றுநோய் வருமாமே, நிறுத்திவிடலாமா?" பயத்தில் பிறந்த இக்கேள்விக்கு இம்மாதப் பாடத்தில் விடை காண்போம்.

இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. அன்றும் இன்றும் சிக்கல் ஒன்றே. மற்றொருவருடைய உறுப்பை நம் சரீரம் அந்நியமாக எண்ணி எதிர்க்கும். அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கவே மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. ஆனால் அதே எதிர்ப்புச் சக்திதான் கெட்டுப்போன அணுக்களையும், புற்றுநோயை உண்டாக்கும் சில வைரஸ் கிருமிகளையும் கண்டு அழிக்கிற காவற்காரன். அவன் கை கட்டப்பட்டால் புற்றுநோய்க்கு வழி எளிதாகிறது.

ஆபத்து எவ்வளவு? உறுப்பு மாற்றப்பட்ட 1,75,000-க்கும் அதிகமானோரைப் பற்றி அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குப் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு அதிகம் வருவதாகக் காட்டியது. எல்லாப் புற்றுநோய்களும் ஒரே அளவில் கூடுவதில்லை. நெறிக்கட்டிகளில் தோன்றும் லிம்போமாவும், உதடு, தோல், சிறுநீரகப் புற்றுநோய்களும் பல மடங்கு கூடுகின்றன. மார்பகப் புற்றுநோயோ அப்படிக் கூடுவதில்லை. வெள்ளையரிடம் மிகுதியாகக் காணும் தோல் புற்றுநோய் நம்மவரிடம் குறைவே.

அப்படியானால் மாத்திரையை நிறுத்தலாமா? ஒருக்காலும் கூடாது. தானாக நிறுத்தினால் சரீரம் சிறுநீரகத்தை நிராகரித்துவிடும், மறுபடியும் டயாலிசிஸ்தான். டயாலிசிஸிலேயே இருப்பவர்களைவிட மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் பொதுவாக நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

புற்றுநோய் வந்துவிட்டால், வைத்தியர்கள் மருந்தின் அளவைக் குறைப்பார்கள் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். காப்போசி என்னும் தோல் புற்றுநோய் கண்ட 15 பேருக்கு இத்தாலியில் மருந்தை சிரோலிமஸுக்கு மாற்றியபோது, மூன்றே மாதங்களில் தோலிலிருந்த கட்டிகள் மறைந்தன, சிறுநீரகமும் காக்கப்பட்டது. இது 2005-இல் வெளியான செய்தி. எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. இவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சை மற்றவர்களைவிடக் கடினமானது. முற்றிய பின் வருகிறவர்களை இழந்துவிடுகிறோம். ஆகவே முன்னதாகக் கண்டுபிடிப்பதே பிரதானம்.

கவனிக்க வேண்டியவை:

1. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி.
2. ஆறாத புண், தோலில் ஊதா நிறத் தடிப்பு.
3. காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், உடல் மெலிவு.
4. சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரத்தப்போக்கு.

இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. புகையிலை, பீடி, பான்பராக் அறவே ஆகாது. உச்சி வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் நல்லது.

அன்பானவர்களே, அறுவைச் சிகிச்சைக்கென்று கேட்டால் மனமுவந்து கொடுக்கிறோம். பத்தாம் வருஷத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பெரும்பாக்கத்திலிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அதற்கு அஞ்சியே பலர் கட்டியை மறைத்து நாளைக் கடத்துகிறார்கள். உங்கள் சபையில் இப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தால், வருஷத்திற்கு ஒரு நாள் அவரோடுகூட மருத்துவமனைக்குப் போய்வாருங்கள். ஒருவர் தந்த சிறுநீரகத்தைக் காப்பதில் அதுவும் ஒரு பங்குதான்.