பழைய செமி டிரக்கைத் தேர்ந்தெடுத்தல்: சொந்த வண்டி ஓட்டுநருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் நிறுவன வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டாமல், தாமே வண்டி வாங்கிச் சரக்குத் தொழில் நடத்தும் ஓட்டுநர்கள் பலர் பழைய வண்டியிலிருந்தே தொடங்குகின்றனர். புதிய கனரக டிரக்கின் முதல் விற்பனையில் 12 விழுக்காடு கூட்டாட்சி வரி சேர்வதும், பழைய வண்டிக்கு அந்த வரி இல்லாததும் இதற்கு ஒரு காரணம். டிரெய்லரை இழுத்துச் செல்லும் முன்வண்டியே இங்கே செமி டிரக் எனக் குறிக்கப்படுகிறது. வாங்குவோரின் கண் முதலில் தயாரிப்பாளரின் பெயரிலும் குரோம் பூச்சின் பளபளப்பிலும் ஓடிய மைல் கணக்கிலும் பதிகிறது. ஆனால் வண்டி நம்பத் தக்கதா என்பதை முடிவு செய்பவை, அதன் எஞ்சின் எந்த மாசுக் கட்டுப்பாட்டு விதியின் காலத்தில் செய்யப்பட்டது என்பதும், அதன் பராமரிப்புக்கு எழுத்துச் சான்று உண்டா என்பதுமே ஆகும்.

இவ்விதிக் காலங்களின்படி பழைய வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, 2002-க்கு முற்பட்ட எஞ்சின்களைக் கொண்ட வண்டிகள். டெட்ராய்ட் சீரிஸ் 60, கேட்டர்பில்லர் சி15, கம்மின்ஸ் என்14 ஆகியவை இக்காலத்தின் பெயர்பெற்ற எஞ்சின்கள். புகையைத் திருப்பி அனுப்பும் குழாய்களோ கரி வடிகட்டியோ இல்லாததால், இவற்றைச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்க முடியும். மேலும், ஓட்டும் நேரத்தைத் தானாகப் பதியும் மின்னணுக் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டு விதியிலிருந்து, 2000-க்கு முந்தைய மாடல் ஆண்டு எஞ்சின்களுக்கு விலக்கு உண்டு. எனினும் கலிஃபோர்னியாவில் ஓடும் கனரக டீசல் வண்டிகளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 2010 அல்லது அதற்குப் பிந்தைய தர எஞ்சின் வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பதால், அம்மாநிலத் துறைமுகச் சரக்கை நம்பும் ஓட்டுநருக்கு இவ்வகை உதவாது. கேட்டர்பில்லர் நிறுவனம் 2010 அளவில் நெடுஞ்சாலை டிரக் எஞ்சின் சந்தையை விட்டே விலகிவிட்டது என்பதையும் கருத வேண்டும். தாமே பழுது பார்க்கத் தெரிந்து, குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் ஓடுபவருக்கு மட்டுமே இவ்வகை பொருந்தும்.

2002 முதல் 2010களின் நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களைக் கொண்ட இரண்டாம் வகையே மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் பொருட்டு, வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தும் இ.ஜி.ஆர். அமைப்பு 2002 முதல் பரவியது. 2007 விதிகளோடு டி.பி.எஃப். எனப்படும் கரித்துகள் வடிகட்டி சேர்ந்தது. வடிகட்டியில் தங்கும் கரியை அவ்வப்போது மிகுந்த வெப்பத்தில் எரித்துத் தீர்க்க வேண்டியிருப்பதால், குறைந்த வேகத்திலும் நின்ற நிலையிலும் நெடுநேரம் இயங்கிய வண்டிகளில் அது அடைபடுகிறது. 2010 விதிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் எஸ்.சி.ஆர். முறையை ஏற்றபோது, நாவிஸ்டார் நிறுவனம் மட்டும் தன் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின்களில் இ.ஜி.ஆர். முறையையே மேலும் அழுத்தி நம்பி, 2012இல் அவ்வழியைக் கைவிட்டது. அவற்றை வாங்கியவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 13.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. இன்றும் அவ்வண்டிகள் கவர்ச்சியான விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவ்விலைக் குறைவு ஒரே பழுதில் கரைந்துவிடக் கூடியது என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நன்று. இந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி, அவற்றின் மென்பொருளையும் மாற்றிவிட்ட வண்டியை, அடைப்புத் தொல்லை இல்லாதது என்று விற்பவர் புகழ்ந்தாலும் வாங்கலாகாது. அத்தகைய மாற்றம் தூய காற்றுச் சட்டப்படி குற்றமாகும்.

மூன்றாம் வகை, எஸ்.சி.ஆர். முறை பக்குவப்பட்ட பின், அதாவது 2010களின் நடுப்பகுதி முதல் வந்த வண்டிகள். டெட்ராய்ட் டிடி15 பொருத்திய ஃபிரைட்லைனர் காஸ்கேடியா, கம்மின்ஸ் எக்ஸ்15 அல்லது பேக்கார் எம்எக்ஸ்-13 பொருத்திய கென்வொர்த் டி680, பீட்டர்பில்ட் 579, டி13 பொருத்திய வோல்வோ விஎன்எல் ஆகியன இதில் அடங்கும். முதன்முறை வாங்குபவருக்கு இவ்வகையே ஏற்றது. இவற்றுள்ளும் காஸ்கேடியா பெரும் நிறுவனங்களிடம் மிகுதியாக இருந்து சந்தைக்கு வருவதால், நெடுவழியில் நின்றுபோனாலும் உதிரி பாகமும் அதை அறிந்த மெக்கானிக்கும் எளிதில் கிடைக்கும் என்பது பெரிய ஆறுதல். பீட்டர்பில்ட் 389 போன்ற நீள்மூக்கு வண்டிகள் ஓட்டுநர்களின் நெஞ்சுக்கு நெருக்கமானவை என்றாலும், அவற்றின் பழைய விலையில் அந்த விருப்பத்துக்கான தொகையும் சேர்ந்தே இருக்கிறது. காற்றைக் கிழிக்கும் வடிவம் அவற்றுக்கு இல்லாமையால் டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

விற்பவர் யார் என்பதும் வகையைப் போலவே முக்கியமானது. பெரும் நிறுவனம் நான்கைந்து ஆண்டு ஓட்டிக் கழிக்கும் வண்டி 5 லட்சம் மைலைத் தொட்டிருக்கக் கூடும். ஆனால் ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும் பதிவாகியிருக்கும். மாறாக, ஏலத்தில் வரும் வண்டிக்குப் பெரும்பாலும் அத்தகைய பராமரிப்பு ஏடு இராது, அதை ஓட்டிப் பார்க்கவும் வாய்ப்பிராது. ஆகவே 3 லட்சம் மைலே ஓடியிருந்தும் ஏடு இல்லாத வண்டியைவிட, 5 லட்சம் மைலும் முழு ஏடும் உள்ள வண்டி மேலானது.

மைல் கணக்கைத் தனியே நம்பாமல், எஞ்சின் கணினி காட்டும் இயங்கிய மணிநேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 5 லட்சம் மைலை 10,000 மணிநேரத்தில் ஓடியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 50 மைல். அதே தொலைவுக்கு 16,000 மணிநேரம் ஆகியிருந்தால் சராசரி ஏறத்தாழ 31 மைல்தான், அதாவது அந்த எஞ்சின் நெடுநேரம் நின்றபடியே இயங்கியிருக்கிறது. அடுத்து, எண்ணெயில் சிறிதளவை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் இரும்பும் ஈயமும் மிகுந்தால் உட்பாகங்கள் தேய்கின்றன என்றும், சோடியமோ பொட்டாசியமோ தென்பட்டால் குளிர்விப்பு நீர் எண்ணெயில் கலந்திருக்கக் கூடும் என்றும் கொள்ளலாம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குள் கசியும் வாயுவின் அழுத்தத்தை, டைனமோமீட்டரில் ஏற்றிச் சுமை கொடுத்து அளப்பது இதைவிடத் தெளிவான சோதனை. விற்பவர் இச்சோதனைகளுக்கு இசையாவிடில், வண்டி எவ்வளவு அழகாயிருப்பினும் விலகிவிடுவதே முறை.

இனி, தொழிலுக்குப் பொருத்தம். சமவெளிச் சாலைக்கென 2.6-க்கும் குறைவான பின் அச்சு விகிதத்தோடு அமைந்த வண்டி டீசலை மிச்சப்படுத்தும். ஆனால் ராக்கி மலைச் சரிவுகளில் முழு எடையான 80,000 பவுண்டோடு ஏறுவதற்கு, விகிதம் கூடிய அச்சே உகந்தது. கூண்டு டிரெய்லருக்கு உயர்ந்த கூரையும், திறந்த தட்டு டிரெய்லருக்குத் தாழ்ந்த கூரையும் காற்றுத் தடையைக் குறைக்கும். தானியங்கி கியர் வண்டியில் உரிமத் தேர்வை முடித்தவரின் உரிமத்தில் கைக் கியர் வண்டியை ஓட்டத் தடை குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அவர் 13 அல்லது 18 கியர் வண்டியை வாங்கும் முன் அத்தடையை நீக்கிக்கொள்ள வேண்டும்.

கடன் கிடைக்காதவருக்கு, சரக்கு நிறுவனமே வண்டியைக் குத்தகைக்குக் கொடுத்துப் பின்னர் விற்கும் திட்டங்கள் எளிய வழியாகத் தோன்றும். சரக்கைத் தருபவரும் தவணையைப் பிடிப்பவரும் ஒருவரே ஆகிவிடுவதால், சரக்குக் குறையும் வாரத்தில் ஓட்டுநர் கூலியையும் வண்டியையும் சேர்த்து இழக்க நேர்கிறது. கூட்டாட்சி அரசு அமைத்த ஆய்வுக் குழுவே 2025இல் இத்திட்டங்களைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. இதைவிட, சற்றுப் பழைய வண்டியைச் சொந்தக் கடனில் வாங்கி, உரிமைச் சான்றில் பிறர் பாக்கி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு 20,000 டாலரைத் தாண்டக் கூடும் என்பதால் கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடாமல் ஒரு பகுதியைப் பழுதுக்கென ஒதுக்கி வைப்பவரின் தொழிலே முதல் பெரும் பழுதைத் தாங்கி நிற்கும்.