பெரிய இடத்துச் சம்பந்தம்



நம் பாலவனத்தம் ஜமீன் ஊர். பாண்டித்துரைத் தேவரின் பெயரைச் சொல்லி இன்றும் பெருமைப்படுகிறோம். அரண்மனை வீட்டுக்கு ஓர் ஏழைப் பெண் வாழ்க்கைப்பட்டால், அவளைப் பெற்றவர்கள் பாக்கியசாலிகள் என்றுதானே சொல்வோம்? சற்றுப் பொறுத்து இந்தக் குடும்பத்தின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

ஸ்பெயின் தேசத்தில் மலாகா என்னும் துறைமுகப் பட்டணத்தில் ஆன்ஹெல் டெல்காடோ என்பவர் சிறியதொரு காப்பிக்கடை நடத்தி வந்தார். மனைவி காண்டெலாரியா. கத்தோலிக்கக் குடும்பம். தொழில் நொடித்தது. பிழைப்புத் தேடி மாட்ரிட் நகருக்குப் போனார்கள். அங்கும் வறுமை விடவில்லை. பெண்மக்கள் இருவரும் கொட்டகையில் நடனமாடிச் சம்பாதித்த கூலி வீட்டுக்கு உதவிற்று.

1906 மே மாதம் ஸ்பெயின் அரசரின் விவாகத்துக்கு வந்த கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங், அவ்விருவரில் ஒருத்தியான அனிதாவின் மேல் ஆசை கொண்டார். அவளுக்கு வயது 16; அவருக்கு 33. பெரும் பொருள் தர முன்வந்தார். தாய் முதலில் இசையவில்லை என்கிறார்கள். கடைசியில் விவாகப் பேச்சு வந்தது; பெற்றோர் சம்மதித்தார்கள். 1908 ஜனவரி 28-ல் கபூர்தலாவில் சீக்கிய முறைப்படி விவாகம் நடந்தது. அனிதாவுக்குப் 18 வயது நிறைய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

பிறகு? மகாராஜாவுக்கு முன்னமே மனைவியர் இருந்தார்கள். ஆங்கில அரசாங்கம் அவளை மகாராணியாக ஏற்கவில்லை. நகைகள் இருந்தன, ஒரு மகனும் பிறந்தான். ஆனால் 1925-ல் இருவரும் பிரிந்தனர். 1962-ல் அவள் மாட்ரிட்டில் மரித்தாள். நம் புதுக்கோட்டை அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலிய வக்கீல் ஒருவரின் மகள் மோலி பிங்கை மணந்தபோதும் அரசாங்கம் அவளை ராணியாக ஏற்கவில்லை. மறு வருஷமே தம்பதிகள் ஊரை விட்டுக் கப்பலேறினார்கள்.

காப்பிக்கடைக்காரரைக் குற்றஞ் சொல்வது எளிது. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில், வட்டிக்காரன் வாசலில் நிற்கையில், "பவுன் வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள்" என்று ஒரு பெரிய வீடு கேட்டால் நம் மனம் என்ன சொல்லும்? அந்தத் தகப்பனின் நிலை நமக்கு அந்நியமானதல்ல.

ஆகையால் பெண் கேட்டு வருகிறபோது மூன்று காரியங்களை விசாரியுங்கள். முதலாவது, மகளைத் தனியே அழைத்து அவள் மனதைக் கேட்டீர்களா? இருவரின் சுயாதீனச் சம்மதமே மெய்விவாகத்தை உண்டாக்குகிறது. பெற்றோரின் சம்மதம் அதற்கு ஈடாகாது. இரண்டாவது, அந்த வீட்டில் அவளுடைய ஸ்தானம் என்ன? ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையிலா? சட்டப்படி 18 வயது நிறைந்துவிட்டதா? மூன்றாவது, நாளை அவள் கண்ணீரோடு திரும்பி வந்தால், "வாழப்போன வீடே உன் வீடு" என்று சொல்லாமல் கதவைத் திறப்பீர்களா?

இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் விளக்கை அணைக்குமுன் இந்த மூன்றையும் பிள்ளைகள் கேட்கப் பேசுங்கள். மூன்றாவது கேள்விக்கு உங்கள் வாயால் பதில் சொல்லிவிடுங்கள். உங்கள் மகள் அதைக் கேட்டு வைத்திருக்கட்டும்.