அடைக்கலம் தேடி வந்தோரும் இடங்கொடுத்தோரும்: உணவு உதவியில் ஒழுங்கு

பசித்து வந்தவருக்குச் சோறிடுவது நமது பண்பாடு. ஆனால், வந்தவர் ஒருவரல்லர், ஓராயிரம் பேர் எனின் அன்பு மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எங்கிருந்து என்பதைத் திட்டமிடாவிட்டால் வந்தவரும் பட்டினி கிடப்பர். இடங்கொடுத்த ஊராரும் மனங்கசப்பர்.

கெடா மாநிலத்தாராகிய நமக்கு இது தொலைவான செய்தியன்று. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், ரோஹிங்யா மக்களும் வங்காளதேசத்தவருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் லங்காவித் தீவில் கரையேறினர். அம்மாதம் 20ஆம் நாள் புத்ராஜெயாவில் நடைபெற்ற பேச்சின் பயனாக, கடலில் தவித்த 7,000 பேருக்குத் தற்காலிக இடமளிக்க மலேசியாவும் இந்தோனேசியாவும் இசைந்தன. 2025 ஜனவரி 3ஆம் நாள், மேலும் 196 பேர் லங்காவியின் தெலுக் யூ கடற்கரையில் வந்திறங்கினர். ஆகவே, இத்தகைய உதவி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதற்பாடத்தை நம் நாட்டிலேயே காணலாம். 1978 முதல் 1991 வரை, திரங்கானுக் கடலிலுள்ள பீடோங் தீவு வியட்நாமிய அகதிகளின் முகாமாக விளங்கியது. 1979ஆம் ஆண்டின் நடுவில், அச்சிறு தீவில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையம் நிதியளித்தது. மலேசியச் செம்பிறைச் சங்கம் உணவுப் பொருள்களைப் படகேற்றி அனுப்பிப் பங்கிட்டது. ஆயினும், கரையிலுள்ள சந்தையில் மீனும் காய்கறியும் விலையேறின என்று உள்ளூர் மக்கள் குறைப்பட்டனர். உதவிப் பொருளை எங்கே வாங்குவது என்பதும் உதவியின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது பாடம் தமிழ்நாட்டினுடையது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் இலங்கையிலிருந்து சென்ற தமிழர், மண்டபம் முதலிய முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு உதவிப் பணமும், நெடுங்காலம் கிலோ 57 பைசா விலையில் அரிசியும் வழங்கப்பட்டன. அங்கே உள்ளூர் ஏழைகளுக்கும் நியாயவிலைக் கடைகளில் மலிவு அரிசி கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் கொடுத்து அடுத்தவரை ஏங்கவிடாத ஏற்பாடு பொறாமையைக் குறைக்கும்.

மூன்றாவது பாடம் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ளது. 2017 ஆகஸ்டுக்குப் பின்னர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் அங்கே புகுந்தனர். உலக உணவுத் திட்டம் அவர்களுக்குப் பற்றுச்சீட்டு முறையில் உணவு வழங்கியது. உள்ளூர் வணிகரும் உழவரும் பொருள் விற்று வருவாய் பெற்றனர். ஆனால் நிதி குறைந்தபோது, தலைக்கு மாதம் 12 அமெரிக்க டாலராக இருந்த பங்கு, 2023 மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் வெட்டப்பட்டது. போரும் அச்சமும் துரத்த, முகாமில் உணவும் குறையும்போது, மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் படகேறுகின்றனர். அங்கே குறையும் ஒருபிடி அரிசிக்கும் லங்காவிக் கரைக்கும் தொடர்பு உண்டு.

தோட்டப்புறத்தில் நாம் செய்யத்தக்கது என்ன? வெள்ள நிவாரண மையத்தை நினைத்துப் பார்ப்போம். அங்கே முதலில் பெயர்ப் பதிவு, பிறகே சமையல். ஆலயமோ தொழிற்சங்கமோ இளைஞர் மன்றமோ அகதிகளுக்கு உணவளிக்க விரும்பினால் அம்முறையையே கைக்கொள்ளலாம்.

1. தனித்தனியே கொடுக்காமல், முன்பே பணியாற்றும் தொண்டு இயக்கத்தோடு சேர்ந்து கொடுத்தல் வேண்டும். இல்லையேல் ஒரே வீட்டுக்கு மூன்று மூட்டை அரிசி சேரும். அடுத்த வீட்டில் அடுப்பெரியாது.

2. ரோஹிங்யாக்கள் முஸ்லிம்கள். எனவே ஹலால் உணவையே வழங்க வேண்டும். குழந்தைகள், கருவுற்ற தாய்மார், நோயாளிகள் ஆகியோரின் தேவையைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

3. அதே பட்டியலில் நம் பக்கத்து வீட்டு முதியவரையும், கணவனை இழந்த தாயையும், வேலையிழந்த குடும்பத்தையும் சேர்த்தல் வேண்டும். பொருள்களை இயன்றவரை உள்ளூர்க் கடைகளில், தட்டுப்பாடு நேராத அளவில் வாங்க வேண்டும்.

"எங்களுக்கே போதவில்லை, இவர்களுக்கு ஏன்?" என்று சிலர் கேட்பதுண்டு. குறைந்த வருவாயில் வாழ்வோரின் அக்கேள்வியைக் கடிந்து ஒதுக்குதல் முறையன்று. வந்தவரின் பசியையும் இருப்பவரின் பசியையும் ஒரே ஏட்டில் எழுதிப் பங்கிடுவதே அதற்குரிய விடையாகும்.